நியர்-மிஸ் வரைபடத்திலிருந்து டேட்டாவைச் சேதமில்லாமல் வெளியே எடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

போலீஸ் பதிவேட்டில் விபத்து நடந்தால்தான் ஒரு வரி விழும். லாரி உரசாமல் விட்டுப்போன சைக்கிள்காரருக்கும், ஓரடி தள்ளி நின்றதால் தப்பித்த பாட்டிக்கும் அங்கே இடமில்லை. இப்படி மோதாமல் நூலிழையில் தப்பிப்பதைத்தான் நியர்-மிஸ் என்கிறார்கள். சென்னை ஐஐடியும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஐராட் என்ற சாலை விபத்துத் தகவல் தளம் 2021-ல் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நல்ல தளம்தான், ஆனால் அதிலும் பதிவாவது நடந்து முடிந்த விபத்துகளே. தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தைக் கரும்புள்ளி என்று அறிவிக்க மத்திய அரசு வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள்: சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ பலத்த காயமோ உள்ள 5 விபத்துகள், இல்லையென்றால் 10 மரணங்கள். அதாவது ஐந்து குடும்பங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பிறகுதான் கணக்கே தொடங்குகிறது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பள்ளிப் பெற்றோர் குழுக்களும், குடியிருப்போர் சங்கங்களும், சைக்கிள் கிளப்புகளும் ஆன்லைன் வரைபடத்தில் புள்ளி குத்துகின்றன. 'இங்கே நூலிழையில் தப்பித்தேன்' என்று ஒரு பின், கூடவே ஒரு குறிப்பு, அவ்வளவுதான். புள்ளி குத்துவது சுலபம். அதிகாரி, "நல்லா இருக்கு, இதை எக்செல்ல அனுப்புங்க" என்று சொல்லும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நேரம், திசை, யார் யாரை இடிக்கப் பார்த்தார் போன்ற விவரங்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். விபத்துக்கு எஃப்ஐஆர், மருத்துவச் சான்று என்று வேறு ஆதாரங்கள் உண்டு. நியர்-மிஸ்ஸுக்கு இந்த ஒரு வரியைத் தவிர எதுவும் கிடையாது. அது உதிர்ந்தால் சம்பவமே நடக்காத மாதிரிதான்.

இங்கே மூன்று கருவிகளை எடுத்துக்கொள்கிறேன்: கூகுள் மை மேப்ஸ், யூமேப், கோபோடூல்பாக்ஸ். வெளியே எடுத்ததைத் திறந்து சரிபார்க்க கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். கடைசி மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள், எல்லாவற்றையும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

கடைசியில் வேண்டிய அட்டவணையை முதலில் போடுங்கள்

எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன் ஒரு பேப்பரை எடுங்கள். உதாரணத்துக்கு, வரைபடத்தில் இப்படி ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"சாயங்காலம் 4.20 இருக்கும், ஸ்கூல் விட்ட நேரம். டவுன் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நின்னுச்சு. பின்னாடி வந்த ஸ்கூட்டர் இடது பக்கமா புகுந்துச்சு. இறங்கின பொண்ணு மேல மோதப் பார்த்துச்சு, நல்ல வேளை."

இந்த நாலு வரிக்குள் ஏழு தகவல்கள் இருக்கின்றன. நேரம்: 16:20. சூழல்: பள்ளி விடும் நேரம். ஆபத்தை உண்டாக்கியது: இருசக்கர வாகனம். ஆபத்தில் சிக்கியவர்: பஸ்ஸிலிருந்து இறங்கும் பயணி. அசைவு: நின்ற பஸ்ஸின் இடது பக்கமாக முந்துவது. இடம்: நிறுத்தத்தைத் தாண்டி. தொடர்புடைய இன்னொரு வாகனம்: டவுன் பஸ். இத்தனையும் அட்டவணையின் தனித்தனிப் பத்தியில் உட்கார்ந்தால், 'இடது பக்கம் முந்துவதால் வந்த ஆபத்து எத்தனை?' என்று ஒரே வடிகட்டலில் எண்ணிவிடலாம். எல்லாம் 'குறிப்பு' என்ற ஒரே பெட்டிக்குள் கிடந்தால் ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே உங்கள் அட்டவணைக்குக் குறைந்தபட்சம் வேண்டிய பத்திகள்: பதிவு எண், தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆபத்தை உண்டாக்கியது, ஆபத்தில் சிக்கியவர், என்ன அசைவு, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார், தீவிரம், மூலக் குறிப்பு. மூலக் குறிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் தூக்கிவிடாதீர்கள். 'ஸ்டாப்பைத் தாண்டி நின்னுச்சு' என்ற அந்தச் சொற்றொடர்தான் பிரச்சினை ஸ்கூட்டரில் மட்டும் இல்லை, பஸ் நிற்கும் இடத்திலும் இருக்கிறது என்று காட்டுகிறது.

தீவிரத்துக்கு 'பயமாக இருந்தது' என்று எழுதுவதைவிட, நடந்ததைக் கேட்பது மேல். பிரேக் போட வேண்டி வந்ததா? ஒதுங்க வேண்டி வந்ததா? இரண்டுமே இல்லாமல் தற்செயலாகத் தப்பித்ததா? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹைடன் குழுவினர் வளர்த்தெடுத்த போக்குவரத்து மோதல் ஆய்வு முறையிலும் கேள்வி இதுதான்: தப்பிக்கும் முயற்சி தொடங்கியபோது மோதலுக்கு எத்தனை நொடி மிச்சமிருந்தது, எந்த வேகத்தில் வந்தார்கள். பொதுமக்களிடம் நொடிக்கணக்கு கேட்க முடியாது. பிரேக் போட்டீர்களா என்று கேட்கலாம்.

எடுப்பதற்கு முன்

வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் சரிபார்க்க இந்த எண் ஒன்றுதான் துணை. முடிந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரையும் புதுப் புள்ளி போட வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிடுங்கள்.

கூகுள் மை மேப்ஸ்

நம் ஊர்க் குழுக்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத் திறப்பதே நல்லது. வரைபடத் தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளி மெனுவை அழுத்தினால் 'எக்ஸ்போர்ட் டு கேஎம்எல்/கேஎம்இசட்' என்று வரும். இரண்டும் வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் கோப்பு வடிவங்கள். அதில் முழு வரைபடமா, ஒரு லேயரா (வரைபடத்தின் ஓர் அடுக்கா) என்று கேட்கும். முழு வரைபடம் என்று கொடுங்கள். கீழே இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும். நெட்வொர்க் லிங்க் பற்றிய பெட்டியை டிக் செய்யாதீர்கள். செய்தால் கிடைக்கும் கோப்பில் உங்கள் டேட்டா இருக்காது, கூகுளுக்குப் போகும் ஒரு இணைப்புதான் இருக்கும். நாளைக்கு வரைபடத்தை யாராவது அழித்துவிட்டால் கோப்பும் வெறும் கூடு. கேஎம்இசட்டுக்குப் பதில் கேஎம்எல் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். ஐகான் படங்கள் சில போகும், போகட்டும்.

அப்புறம், ஒவ்வொரு லேயரின் மூன்று புள்ளி மெனுவிலிருந்தும் சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) தனியாக எடுங்கள். இதில் புள்ளியின் இடம் 'பாயிண்ட்' என்று தொடங்கும் ஒரே பத்தியில், தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு என்ற வரிசையில் வரும்.

இரண்டு வடிவமும் எதற்கு? மை மேப்ஸில் பலர் தகவலைப் பத்தியில் எழுதுவதில்லை, நிறத்தில் வைக்கிறார்கள். சிவப்புப் பின் என்றால் படு ஆபத்து, மஞ்சள் என்றால் சுமார். அதேபோல் 'பஸ்', 'ஆட்டோ', 'நடப்பவர்கள்' என்று லேயர் லேயராகப் பிரித்திருப்பார்கள். சிஎஸ்வியில் நிறம் வராது. லேயரின் பெயரும் உள்ளே பத்தியாக வராது, கோப்பின் பெயரில்தான் இருக்கும். ஐந்து சிஎஸ்வியை ஒன்றாக ஒட்டிய பிறகு எது பஸ் லேயர், எது ஆட்டோ லேயர் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பிலும் 'லேயர்' என்று ஒரு பத்தி சேர்த்து நிரப்பிவிடுங்கள். நிறத்துக்கு, எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் மை மேப்ஸின் டேட்டா டேபிளிலேயே 'தீவிரம்' என்று பத்தி போட்டு நிரப்புவதுதான் சுத்தமான வழி. வரைபடம் ஏற்கெனவே அழிந்து கேஎம்எல் மட்டும் கையில் இருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு புள்ளியின் ஸ்டைல் பெயரிலும் ஐகான் எண்ணுக்குப் பின்னால் நிறக் குறியீடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து மீட்டுவிடலாம்.

யூமேப்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல் ஓடும் இந்தக் கருவியில், ஷேர் அண்ட் டவுன்லோட் பகுதிக்குப் போனால் ஜியோஜேசன், ஜிபிஎக்ஸ், கேஎம்எல், சிஎஸ்வி என்று கோப்பு வடிவங்கள் வரிசையாக இருக்கும். கூடவே முழு வரைபடத்துக்கான பேக்கப் கோப்பும் உண்டு.

இங்கே ஒரே ஒரு பொறி. கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள் மட்டும்தான் டவுன்லோட் ஆகும். ஏதாவது லேயரை மறைத்து வைத்திருந்தால் அது முழுசாக விடுபட்டுவிடும், எச்சரிக்கை மணியெல்லாம் அடிக்காது. ஆகவே எல்லா லேயரையும் கண் ஐகானைத் தட்டித் திறந்துவிட்டு, வடிகட்டல் ஏதாவது போட்டிருந்தால் நீக்கிவிட்டு, மொத்த ஊரும் திரையில் தெரியும் அளவுக்குப் பின்வாங்கிக்கொண்டு எடுங்கள். முதலில் பேக்கப், பிறகு ஜியோஜேசன். ஜிபிஎக்ஸ் நமக்கு வேண்டாம். அது வழித்தடத்துக்கான வடிவம், உங்கள் சொந்தப் பத்திகளை அது சரியாகச் சுமக்காது.

கோபோடூல்பாக்ஸ்

புதிதாகத் தொடங்குபவர் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். படிவமாக இருப்பதால் பத்திகள் முதலிலிருந்தே பிரிந்திருக்கும், போனில் சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்துகொள்ளலாம். 'டேட்டா' தாவலில் 'டவுன்லோட்ஸ்' போங்கள். எக்செல், சிஎஸ்வி, ஜியோஜேசன் என்று வகை கேட்கும். அதற்குக் கீழே உள்ள நுணுக்க அமைப்புகளைத் திறந்து மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, படிவத்தின் எல்லாப் பதிப்புகளின் டேட்டாவும் வேண்டும் என்ற தேர்வு. நடுவில் ஒரு கேள்வியை நீக்கியிருந்தால், அந்தப் பழைய பதில்கள் இந்த டிக் இல்லாமல் வராது. இரண்டாவது, தலைப்புகள் தமிழ் லேபிளாக வரவேண்டுமா, உள்ளே இருக்கும் குறியீட்டுப் பெயராக வரவேண்டுமா என்பது. அலசலுக்குக் குறியீட்டுப் பெயர், அதிகாரியிடம் கொடுக்கத் தமிழ் லேபிள் என்று இரண்டு முறை எடுத்துவிடுங்கள். மூன்றாவது, பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். 'மழை, வெளிச்சமின்மை, பள்ளம்' என்று ஒருவர் மூன்றையும் டிக் செய்திருந்தால், அவை தனித்தனிப் பத்தியாக வரும்படி வையுங்கள். எண்ணுவதற்கு அதுதான் வசதி.

கோபோவின் இடப் பதிவில் ஜிபிஎஸ் துல்லியம் எத்தனை மீட்டர் என்பதும் தனிப் பத்தியாக வரும். இதை அழித்துவிடாதீர்கள். துல்லியம் 5 மீட்டர் என்ற பதிவையும் 200 மீட்டர் என்ற பதிவையும் ஒரே தட்டில் வைத்து 'இந்த முனைதான் ஆபத்து' என்று சொல்ல முடியாது.

எக்செலில் டபுள் கிளிக் செய்யாதீர்கள்

தமிழ்க் குறிப்புள்ள சிஎஸ்வியை நேராக டபுள் கிளிக் செய்து திறந்தால், பல கம்ப்யூட்டர்களில் எழுத்தெல்லாம் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். டேட்டா கெடவில்லை, எக்செல் தவறாகப் படிக்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் சேவ் செய்தால்தான் நிஜமாகவே கெடும். வெற்று எக்செல் ஒன்றைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைக் காட்டி, எழுத்துமுறையாக 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோபோவின் சிஎஸ்வி காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும், அதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

எக்செல் செய்யும் இன்னொரு அநியாயம், தேதி மாதிரி தெரிவதையெல்லாம் தேதியாக்குவது. பள்ளிப் பிள்ளைகளின் வயதுப் பிரிவாக '10-12' என்று பதிந்திருப்பீர்கள். எக்செல் அதை டிசம்பர் 10 என்று ஆக்கிவிடும். சேவ் செய்துவிட்டால் பழைய மதிப்பு திரும்பி வராது. இறக்குமதித் திரையிலேயே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். '10 முதல் 12' என்று படிவத்திலேயே எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

புள்ளிகள் ஊருக்குள்தான் இருக்கின்றனவா?

கியூஜிஐஎஸ்ஸில் 'லேயர்' மெனுவில் 'ஆட் டெலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' மூலம் சிஎஸ்வியைச் சேருங்கள். எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகை, ஒய் என்ற இடத்தில் அட்சரேகை. ஆய அமைப்பு இபிஎஸ்ஜி 4326, அதாவது வழக்கமான அட்சரேகை, தீர்க்கரேகை முறைக்கான குறியீடு. மை மேப்ஸ் சிஎஸ்வி என்றால் எக்ஸ், ஒய்க்குப் பதில் டபிள்யூகேடி (இடத்தை எழுத்தாகக் குறிக்கும் முறை) என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த ஒற்றைப் பத்தியைக் காட்டினால் போதும். பின்னணிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இழுத்துப் போடுங்கள்.

வரிசை மாறிப்போனால் கண்டுபிடிப்பது சுலபம். மதுரை சுமார் 9.9 அட்சரேகை, 78.1 தீர்க்கரேகை. இதைத் தலைகீழாகக் கொடுத்தால் உங்கள் புள்ளிகள் எல்லாம் வட துருவத்தை ஒட்டி, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்குப் பக்கத்துக் கடலில் மிதக்கும். தமிழ்நாட்டின் எந்த ஊராக இருந்தாலும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் போகும். மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே, கினியா வளைகுடாவில் ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்திருந்தால், அவை இடம் பதிவாகாமல் பூஜ்யம், பூஜ்யம் என்று வந்தவை. அவற்றை அழிக்காமல் தனியே எடுத்து வைத்து, குறிப்பைப் படித்துக் கையால் இடம் கண்டுபிடிக்கப் பாருங்கள்.

பிறகு எண்ணிக்கை. முதலில் குறித்து வைத்த எண்ணும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். சிஎஸ்வியில் வரிகள் கூடுதலாகத் தெரிந்தால், யாரோ குறிப்புக்குள் என்டர் தட்டியிருக்கிறார், ஒரு பதிவு இரண்டாக உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதிகாலை மூன்று மணிக்குப் பள்ளியா?

கோபோவில் பதிவு சமர்ப்பித்த நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். காலை 8.30-க்குப் பள்ளி வாசலில் அனுப்பிய பதிவு, அட்டவணையில் அதிகாலை 3 மணி என்று வரும். இதைக் கவனிக்காமல் மணிவாரியாக வரைபடம் போட்டால், ஊரே நடுராத்திரியில் ரோட்டில் திரிவதுபோல் தெரியும். அதிகாரி அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மொத்தக் கோப்பையும் நம்பமாட்டார்.

அதைவிட முக்கியம், சமர்ப்பித்த நேரம் வேறு, சம்பவ நேரம் வேறு. பலர் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டுத்தான் பதிவு போடுவார்கள். ஆகவே 'எப்போது நடந்தது?' என்று தனிக் கேள்வி வேண்டும். மை மேப்ஸில் நேரம் என்று எதுவும் தானாகப் பதிவாகாது, ஆட்கள் எழுதினால்தான் உண்டு. குறிப்பில் 'காலைல' என்று மட்டும் இருந்தால் 'காலை' என்றே வையுங்கள், 8.00 என்று நீங்களாக நிரப்பாதீர்கள்.

வெளியே கொடுப்பதற்கு முன் களைய வேண்டியவை

குறிப்புகளைப் படித்தால் வண்டி நம்பர், டிரைவர் பெயர், 'எங்க வீட்டு வாசல்ல', போன் நம்பர் எல்லாம் கிடைக்கும். மூலக் கோப்பில் அவை இருக்கட்டும். பகிரும் நகலில் வண்டி நம்பர், பெயர், போன் நம்பர், பதிந்தவரின் பயனர் பெயர், கருவி எண் அத்தனையையும் நீக்குங்கள். மை மேப்ஸில் சேர்த்த படங்களின் இணைப்பு கேஎம்எல்லுக்குள் இருக்கும், அதையும் பாருங்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளையின் முகம் தெரியும் படம் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றுவது நல்லதில்லை.

வீட்டு வாசல் பிரச்சினைக்கு ஆய எண்களின் தசமத்தைக் குறைக்கலாம். நான்கு தசம இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், மூன்று என்றால் சுமார் 110 மீட்டர். சந்திப்புகளைப் பற்றிப் பேச நான்கு போதும். வீட்டை மறைக்க மூன்று வேண்டியிருக்கும். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சிம்ரா செயலி சைக்கிள் பயணத்தையே பதிவு செய்வதால், பதிவேற்றுவதற்கு முன் பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட வசதி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் டேட்டா பொதுவெளியில் கிடைக்கிறது. சொந்த டேட்டாவில் கை வைக்கப் பயமாக இருந்தால் அதை இறக்கிப் பழகிப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பிலும் மேல் பாதியில் சம்பவங்கள், கீழ் பாதியில் பயணத்தடம் என்று பிரித்திருப்பார்கள்.

எங்கே குவிகிறது என்று பார்க்க

தூரத்தை வைத்து எதையும் கணக்கிடுவதற்கு முன், டிகிரியிலிருந்து மீட்டருக்கு மாற்றியாக வேண்டும். லேயரை வலது கிளிக் செய்து ஜியோபேக்கேஜ் என்ற வரைபடக் கோப்பாகச் சேமிக்கும்போது ஆய அமைப்பை மாற்றுங்கள். மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் தமிழ்நாடு இரண்டு மண்டலங்களில் கிடக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருக்கும் சென்னை, திருச்சி, மதுரை, சேலத்துக்கு இபிஎஸ்ஜி 32644. மேற்கே இருக்கும் கோவை, திருநெல்வேலிக்கு 32643.

இதன் பிறகு பிராசசிங் டூல்பாக்ஸில், அருகருகே உள்ள புள்ளிகளைக் குவியலாகச் சேர்க்கும் டிபிஸ்கேன் கிளஸ்டரிங் ஓட்டுங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை 3, அதிகபட்சத் தூரம் 40 மீட்டர் என்று தொடங்கிப் பார்க்கலாம், சாலையின் அகலத்தைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மீட்டருக்கு மாற்றாமல் 40 என்று கொடுத்தால் 40 டிகிரி என்று எடுத்துக்கொண்டு மொத்த மாநிலத்தையும் ஒரே குவியலாக்கிவிடும்.

ஒரே சம்பவத்தை நாலு பேர் பதிந்திருக்கலாம். அதே இடம், பத்து நிமிடத்துக்குள், அதே வகை என்றால் ஒரே எண்ணின் கீழ் கட்டிவிடுங்கள், ஆனால் நாலு குறிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். குவியல் பெரிதாக இருக்கும் இடம்தான் ஊரிலேயே ஆபத்தானது என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். உங்கள் குழுவின் ஆட்கள் அதிகம் போகிற தெருவாக இருக்கலாம். புள்ளியே இல்லாத பைபாஸ் பாதுகாப்பானது என்றும் அர்த்தமில்லை. அங்கே நடந்து போகிற கூலித் தொழிலாளியின் போனில் உங்கள் படிவம் இருந்திருக்காது.

யாருக்கு எந்தக் கோப்பு

மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. அங்கே கொடுக்க, ஒரு பக்க பிடிஎஃப் வரைபடம், எக்செல் அட்டவணை, மூன்று இடங்களைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு போதும். அதற்கு மேல் கொடுத்தால் கூட்டத்தில் யாருக்கும் படிக்க நேரமிருக்காது. நெடுஞ்சாலைத் துறை இன்ஜினியருக்கு அட்சரேகையைவிடச் சாலையின் பெயரும் கிலோமீட்டர் கல் கணக்கும்தான் பழக்கம். அதற்கென்று ஒரு பத்தி சேர்த்துவிட்டால் அவர் நேராக அந்த இடத்துக்குப் போய்விடுவார்.

யாராவது ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தைக் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். அதில் பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட் பிடிக்கும், ஆகவே மூன்று குறிகளிலேயே தலைப்பு வெட்டுப்படும். குறிப்புப் பத்தியும் 254 பைட்டோடு நின்றுவிடும், அந்த ஸ்கூட்டர் கதையில் பஸ் நின்றதோடு முடிந்துபோகும். ஜியோபேக்கேஜ் ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்றால் தலைப்புகளைச் சின்ன ஆங்கிலப் பெயர்களாக மாற்றி, முழுக் குறிப்புகளைப் பதிவு எண்ணோடு தனி எக்செலாகக் கூடவே கொடுங்கள்.

அடுத்த முறை எடுக்கும்போது

மூலக் கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, 'ரீட்-ஒன்லி' ஆக்கி, தனி ஃபோல்டரில் போடுங்கள். திருத்தமெல்லாம் நகலில்தான். அடுத்த மாதம் திரும்ப எடுக்கும்போது எது புதுசு, எது பழசு என்ற குழப்பம் வரும். கோபோவில் ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத அடையாள எண் உண்டு, அதை வைத்து இரண்டு கோப்பையும் ஒப்பிட்டுவிடலாம். மை மேப்ஸ் சிஎஸ்வியில் அப்படி எதுவும் வராது. ஆகவே அங்கே டேட்டா டேபிளில் 'பதிவு எண்' என்று ஒரு பத்தியை இன்றே சேர்த்து, இருக்கிற புள்ளிகளுக்கெல்லாம் எண் கொடுத்துவிடுங்கள். அடுத்த எக்ஸ்போர்ட்டில் அந்தப் பத்தி காலியாக இருக்கும் வரிகளெல்லாம் புதிதாக வந்தவை.